சர்வீஸ் சென்டரா, தெருமுனை மெக்கானிக்கா? பைக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று 2011இல் நான் வாங்கிய 100 சிசி பைக். பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலந்து இன்ஜினுக்குப் போகும் பழைய வகை வண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்னொன்று 2021இல் என் மனைவி வாங்கிய 125 சிசி ஸ்கூட்டர், கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பைக் சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்துப் பத்து வருடம் ஆகப்போகிறது. ஸ்கூட்டரோ பெரும்பாலும் அங்கேதான் போகிறது. "ஒரே வீட்டில் ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களையும், அந்தப் பதில்களிலிருந்து கிளைத்த கேள்விகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வண்டி ஓட்டுவது சென்னையின் தென்புறத்தில், பள்ளிக்கரணைப் பக்கம். உங்கள் ஊர்க் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

புது வண்டி வாங்கியிருக்கிறேன். வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடுமா?

போய்விடும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் நல்லது. வண்டியோடு வரும் கையேட்டில் வாரண்டி நிபந்தனைகள் இருக்கும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை நாள், எது முந்துகிறதோ அதற்குள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இலவச சர்வீஸ் முடிந்த பிறகு வரும் கட்டண சர்வீஸுக்கும் இந்த நிபந்தனை உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மூன்று இலவச சர்வீஸை முடித்துவிட்டு வெளியே போனவர், மூன்றாம் வருடம் இன்ஜின் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தால், "நடுவில் சர்வீஸ் பதிவு இல்லையே சார்" என்று கையை விரிப்பார்கள்.

ஆனால் பஞ்சர் ஒட்டினாலோ, பிரேக் கேபிள் மாற்றினாலோ, பல்பு போட்டாலோ வாரண்டி ஓடிப்போகாது. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், ஏர் ஃபில்டர் மாதிரித் தேய்கிற சாமான்களுக்குப் பொதுவாக வாரண்டியே கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் வாரண்டி தனி. இன்ஜினைப் பிரிப்பது, ஒயரிங்கில் கை வைப்பது, கூடுதல் விளக்கு போடுவதற்காக ஒயரை வெட்டி ஒட்டுவது ஆகிய மூன்றையும் வாரண்டி காலத்தில் வெளியே செய்யாதீர்கள்.

இலவச சர்வீஸ் என்றார்கள். 900 ரூபாய் பில் எப்படி வந்தது?

இலவசம் என்பது கூலி மட்டும். ஆயில், ஃபில்டர், கிரீஸ் எல்லாம் உங்கள் காசு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கூப்பனிலேயே எழுதியிருக்கும், நாம் படிப்பதில்லை.

பில்லின் மீதிப் பாதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பாலிஷ், பெயின்ட்டைக் காக்கும் பூச்சு, இன்ஜின் கரி நீக்கம், ஏதோ ஒரு திரவம் என்று நாலைந்து வரிகள் நுழைந்திருக்கும். 750 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் எந்தக் கரியை நீக்குவார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். பதில் வரவில்லை, அந்த வரி மட்டும் பில்லிலிருந்து போய்விட்டது. ஜாப் கார்டு, அதாவது செய்யப்போகும் வேலைகளை எழுதிய தாள், நீங்கள் கொடுக்கும் சம்மதம். கையெழுத்துப் போடும் முன் வேண்டாதவற்றைப் பேனாவால் அடித்துவிடுங்கள். "இதற்கு மேல் செலவானால் போனில் கேட்டுவிட்டுச் செய்யவும்" என்று ஒரு தொகையையும் எழுதிவிடுங்கள். நான் எப்போதும் 1,500 என்று எழுதுவேன்.

அப்படியென்றால் சர்வீஸ் சென்டரில் தேவையில்லாததை எல்லாம் மாற்றச் சொல்வார்களா?

எனக்கு ஒருமுறை நடந்தது. பைக் 14,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, செயின் ஸ்பிராக்கெட் செட் (செயினும் அது சுற்றும் பல்சக்கரங்களும்) போய்விட்டது, மாற்ற வேண்டும், 1,100 ரூபாய் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். செயின் கவரைக் கழற்றினார். பின் ஸ்பிராக்கெட்டின் பின்னோரத்தில் செயினைக் கிள்ளி வெளிப்பக்கமாக இழுத்துக் காட்டினார். செயின் பல்லை விட்டுக் கொஞ்சம்கூட எழும்பவில்லை. "பாதிப் பல் வெளியே தெரிந்தால்தான் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். பல்லின் நுனி கொக்கி மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதா, பாருங்கள் தம்பி" என்றார். வளைந்திருக்கவில்லை. தொய்வை இறுக்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, ஆயில் விட்டார். அறுபது ரூபாய். அந்தச் செயின் இன்னும் 9,000 கிலோமீட்டர் ஓடியது.

இதை வைத்து சர்வீஸ் சென்டர்காரர்களைத் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கே நம்மோடு பேசுகிறவர் சர்வீஸ் அட்வைசர். அவர் ஸ்பேனர் பிடிப்பதில்லை. வண்டியைப் பிரிக்கிற டெக்னீஷியனோ நம்மோடு பேசுவதில்லை. ஒருவர் கேட்டு எழுத, இன்னொருவர் படித்துச் செய்கிறார். "மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மட்டும் ஒரு உறுமல் வருகிறது" என்று நாம் சொன்னது ஜாப் கார்டில் "இன்ஜின் சத்தம்" என்று சுருங்கிவிடுகிறது. ஒரு நாளில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் உண்டு. பார்த்துக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது சுலபம். தெருமுனைக் கடையில் நாம் சொல்வதைக் கேட்கிற காதும் வண்டியைத் தொடுகிற கையும் ஒருவருடையதாகவே இருக்கின்றன. என் கணக்கில் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் விலை அல்ல, இதுதான்.

சில சர்வீஸ் சென்டர்களில் டெக்னீஷியனோடு ஒரு சுற்று ஓட்டிக் காட்டலாமா என்று கேட்டால் சம்மதிப்பார்கள். கூட்டம் இல்லாத செவ்வாய், புதன் காலையில் போனால் வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை போகவே போகாதீர்கள்.

தெருமுனை மெக்கானிக் எல்லோரும் நம்பத்தக்கவர்களா?

இல்லை. 2017இல் அவசரத்துக்கு அலுவலகம் அருகே ஒரு கடையில் ஆயில் மாற்றினேன். அங்கிருந்தவர் ஆயிலை வடிக்கும் துளையை மூடுகிற டிரெய்ன் போல்ட்டை எடுத்த எடுப்பிலேயே நீளமான ஸ்பேனரை மாட்டி, உடம்பு எடையைப் போட்டு முறுக்கினார். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் கரும் வட்டம். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏறிய இரும்பு, அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை போட வேண்டியிருந்தது. 150 ரூபாய் வேலைக்கு 800 ரூபாய் அபராதம். பில்லும் இல்லை, கேட்கவும் வழியில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "போல்ட்டை முதலில் கையால் திருக வேண்டும். மரை நேராக ஏறுகிறதா என்று விரல் சொல்லும். கடைசி அரைச் சுற்றுக்குத்தான் ஸ்பேனர்" என்றார். அன்றிலிருந்து புதுக் கடை எதற்குப் போனாலும் நான் பார்ப்பது அந்தக் கையைத்தான்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நாளே இன்ஜின் வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன வேலையோடு போய், பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் போடுகிறாரா, மண்ணில் வைக்கிறாரா? ஸ்குரூவுக்குச் சரியான அளவு ஸ்குரூ டிரைவரை எடுக்கிறாரா, கிடைத்ததை வைத்துத் தலையை மழுக்குகிறாரா? வண்டியை வாங்கியவுடன் ஓட்டிப் பார்க்கிறாரா, நின்ற இடத்திலேயே "கிளட்ச் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்கிறாரா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்கிறவர் என்றால் பாதி நம்பலாம். பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்காமலே கையில் கொடுப்பவர் உத்தமர். கேட்டால் கொடுப்பவரும் பரவாயில்லை.

கடை வாசலில் எந்த மாதிரி வண்டிகள் நிற்கின்றன என்றும் பாருங்கள். உணவு விநியோகிக்கிற பையன்கள் எங்கே வண்டியை விடுகிறார்களோ அது பெரும்பாலும் நல்ல கடை. தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு, ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும். மோசமான கடைக்கு அவர்கள் இரண்டாம் முறை போக மாட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை வந்தது வேறொரு தருணத்தில். ஸ்கூட்டரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தபோது அண்ணனிடம் கொண்டுபோனேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது என் வேலை இல்லை தம்பி. நான் தொட்டால் குழப்பிவிடுவேன், கம்பெனிக்கே கொண்டுபோங்கள்" என்றார்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை வெளியே விடவே கூடாதா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி வந்தது. அதோடு ஏறக்குறைய எல்லா பைக்கும் ஸ்கூட்டரும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைக் காதால் கேட்டு, ஸ்குரூவைக் கால் சுற்று திருகிச் சரிசெய்த காலத்தின் வித்தை இதில் பலிக்காது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைச் சென்சார்கள் தரும் தகவலை வைத்து ஒரு சிறிய கணினி முடிவு செய்கிறது. கோளாறு வந்தால் அதன் நினைவில் ஒரு குறியீடு பதியும். அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் கண் சிமிட்டுகிறது என்பதை எண்ணியே கோளாறை அறியலாம்.

அதே வண்டியின் பிரேக், செயின், கிளட்ச், டயர், ஃபோர்க் ஆயில் சீல், ஹேண்டில்பாரின் கோன் செட் எல்லாம் பழைய வண்டியில் இருப்பவைதான். வாரண்டி முடிந்த பிறகு இவற்றுக்குத் தெருமுனைக் கடை போதும். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, உள்ள வண்டியில் மட்டும் கவனம். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் அது கட்டாயம். பிரேக் ஆயில் மாற்றும்போது காற்றுக் குமிழி உள்ளே தங்கினால் வெளியேற்றுவது கடினம். சில வண்டிகளுக்கு அங்கேயும் ஸ்கேனர் தேவைப்படுகிறது.

எங்கள் ஸ்கூட்டர் கதைக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள். ஆக்சிஜன் சென்சார் கோளாறு என்று வந்தது. புது சென்சார்தான் போட வேண்டுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெக்னீஷியன் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது! மழைக்காலத்தில் இன்ஜின் சூட்டுக்கு ஒதுங்கிய எலி. இதற்கு வாரண்டி கிடையாது, ஆனால் ஒயரை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். குறியீடு சொன்னதை மட்டும் நம்பிச் சாமானை மாற்றாத டெக்னீஷியன் கிடைத்தது அன்றைய அதிர்ஷ்டம்.

இப்போது பல தனிக் கடைகளும் எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொருந்தும் ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கின்றன. "ஸ்கேனர் இருக்கிறதா அண்ணே, என் வண்டிக்கு ஒத்துவருமா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

செலவில் எவ்வளவு வித்தியாசம்?

என் கையில் இருக்கும் பில்களை வைத்துச் சொல்கிறேன். ஸ்கூட்டரின் கடைசிக் கட்டண சர்வீஸில் கூலி 480 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 86 ரூபாய் 40 காசு. பைக்குக்கு அண்ணன் வாங்கியது 300, வரி இல்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே அவர் வரி போடாதது முறைகேடு அல்ல.

உதிரி பாகங்களில் ஒரு விஷயம் கவனியுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். சர்வீஸ் சென்டர் பில்லில் வரிக்கு முந்தைய விலையைப் போட்டு, அதன் மேல் வரியைக் கூட்டியிருப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகை அச்சிட்ட விலையைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்; முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய விலை அச்சிட்ட பாக்கெட் கையில் வந்தால் கேளுங்கள்.

மெக்கானிக் போடும் சாமான் ஒரிஜினல்தானா?

சந்தேகமிருந்தால் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். எந்த மெக்கானிக்கும் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அவருக்குச் சாமானில் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். சிலர் கூலியைக் குறைவாகச் சொல்லி, சாமானில் ஈடுகட்டுவார்கள். அதுவும் ஒரு வியாபாரம், தவறென்று சொல்ல மாட்டேன். அப்படியானால் சாமானை நீங்கள் வாங்கும்போது கூலியில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுப்பதுதான் நியாயம்.

கடையில் மூன்று ரகம் இருக்கிறது. வண்டி நிறுவனத்தின் பெயர் போட்ட பாக்கெட் ஒன்று. அந்த நிறுவனங்களுக்கே சாமான் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. கோயம்புத்தூர் எல்ஜிபி நிறுவனத்தின் ரோலான் செயின் இந்த வகை. வண்டித் தொழிற்சாலைகளுக்கும் போகிறது, கடையிலும் கிடைக்கிறது. இதை வாங்கத் தயங்க வேண்டாம், விலையும் குறைவு. மூன்றாவது, முதல் ரகத்தின் பாக்கெட்டை அப்படியே நகலெடுத்த போலி. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, தயாரித்த மாதமும் வருடமும் இல்லாதது, பில் தர மறுப்பது ஆகியவை அதன் அடையாளம். போலி பிரேக் ஷூ போட்டு நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய சாமான்களும் புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த பழைய சாமான்களும் கிடைக்கும். புதுப்பேட்டையில் ஹெட்லைட் வளையமோ சைடு ஸ்டாண்டோ வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது?

கையேட்டில் போட்டிருப்பது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு வேலை செய்கின்றன. கார் ஆயிலில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் பொருள் கிளட்ச்சை வழுக்க வைத்துவிடும். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ என்ற தரக்குறியில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கும். ஸ்கூட்டருக்கு எம்பி. "இதுவும் 10டபிள்யூ-30தான், அதுவும் 10டபிள்யூ-30தான்" என்று ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியைக் காட்டி மெக்கானிக் சொன்னாலும் இந்த எழுத்தைப் பாருங்கள். பேரல் ஆயிலை அளந்து ஊற்றும் இடங்களில், அது சர்வீஸ் சென்டரே ஆனாலும், சீல் வைத்த டப்பா கேட்பது என் பழக்கம்.

விபத்தில் அடிபட்ட வண்டியை எங்கே விடுவது?

பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகத் தீர்க்க வேண்டுமானால் அவர்கள் பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை நிறுவன சர்வீஸ் சென்டர்கள். வெளியே விட்டால் நீங்கள் கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். எங்கே விட்டாலும் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், பிறகு படம், அதன் பிறகு சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். அவர் பார்க்கும் முன் வண்டியைப் பிரித்தால் கோரிக்கை சிக்கலாகிவிடும்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். 50 சதவீதம் தேய்மானம். ஸ்கூட்டரின் உடம்பே பிளாஸ்டிக் என்பதால் இது வலிக்கும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் கவலையில்லை. இன்னொரு கணக்கும் போடுங்கள். ஒரு வருடம் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் அடுத்த ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து ஆண்டில் அது 50 வரை ஏறும். இண்டிகேட்டரும் கண்ணாடியும் உடைந்ததற்கு அதை இழக்காதீர்கள். அண்ணன் கடையில் 700 ரூபாயில் முடியும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. என்ன செய்வது?

ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். கிக்கரையும் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் இரண்டு வண்டிகளும் சீட் வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பைக்கைத் தள்ளிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். வாசலில் முப்பது வண்டி நின்றது. பிளக்கைக் கழற்றி, சும்மா சுற்றித் தண்ணீரைத் துப்ப வைத்தார். டிரெய்ன் போல்ட்டைத் திறந்ததும் பாலை அதிகம் ஊற்றிய தேநீர் மாதிரி வந்தது ஆயில். மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடித்தார். மறுபடி ஊற்றி மறுபடி வடித்தார். மூன்றாவது முறை ஊற்றியதுதான் நிறம் மாறாமல் நின்றது. கார்புரேட்டர், பெட்ரோல் டேங்க், ஏர் ஃபில்டர் எல்லாம் கழுவினார். நான்காம் நாள் வண்டி வீட்டுக்கு வந்தது.

ஸ்கூட்டரில் கணினியும் சென்சார்களும் இருப்பதாலும், காப்பீடு கோர வேண்டியிருந்ததாலும் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தெரு முழுக்க ஈர வண்டிகள் வரிசையில் நின்றன. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கிறேன். கம்பெனியில் விடலாமா?

விட்டால் அங்கிருக்கும் இளைஞர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1996இல் நின்றுவிட்டது. அதைப் பிரித்துப் பழகியவர்கள் இப்போது சொந்தக் கடைகளில்தான் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட்டும் அப்படித்தான். இந்த வண்டிகளுக்கென்றே இருக்கும் கடையைத் தேடிப் போங்கள். பொதுவான மெக்கானிக்கும் வேண்டாம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு?

இப்போதைக்கு நிறுவனம்தான். பேட்டரி, கன்ட்ரோலர், மென்பொருள் மூன்றும் அவர்கள் பூட்டில் இருக்கின்றன. பேட்டரியைப் பிரித்தால் வாரண்டியும் போகும், தீ ஆபத்தும் உண்டு. வாங்கும் முன்பே உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வாசலில் எத்தனை வண்டி தூசி படிந்து காத்திருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பிரேக்கும் டயரும் எங்கேயும் பார்க்கலாம்.

தனி மெக்கானிக்குகளுக்கு நிறுவனங்கள் சாமானும் ஸ்கேனரும் தராமல் இருப்பது சட்டப்படி சரியா?

கார் விஷயத்தில் இது பெரிய வழக்காகவே வந்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. எங்கள் அண்ணன் கடை வரை இவற்றின் பலன் இன்னும் வந்து சேரவில்லை.

வேலை சரியில்லை. யாரிடம் போவது?

சர்வீஸ் சென்டர் என்றால் முதலில் அதன் மேலாளர், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. எழுத்தில் கொடுங்கள், தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

தெருமுனைக் கடைக்கும் இதே சட்டம்தான். கேட்டும் பில் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். துண்டுச் சீட்டில் தேதி, வண்டி எண், செய்த வேலை, தொகை எழுதி வாங்கினால் போதும். ஆனால் உண்மையைச் சொன்னால், அங்கே நமக்குள்ள பலம் சட்டம் அல்ல, தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நாம் போகிறோம் என்பதே.

பெண்கள் போனால் மெக்கானிக் வேறு விலை சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். என் மனைவி ஸ்கூட்டரை சர்வீஸ் சென்டரில் விடுவதற்கு வாரண்டியைவிட இதுதான் காரணம். அங்கே கூலிப் பட்டியல் சுவரில் தொங்குகிறது, உட்கார நாற்காலி இருக்கிறது, "வீட்டில் ஆண்கள் யாரும் வரவில்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் கடைகளின் பெருமையை நான் எவ்வளவு பேசினாலும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மெக்கானிக் கடையை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது, முழங்கால் வலி. கடையில் பத்து வருடம் எடுபிடியாக இருந்து தொழில் படித்த பையனும் இப்போது இல்லை; மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, சீருடை என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்துவிட்டான். போன மாதம் ஸ்கூட்டரை விடப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். ஜாப் கார்டில் அவன் பெயரைக் குறித்து வண்டியை அவனிடமே கொடுக்கச் சொன்னேன்; அட்வைசர் ஒத்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிலை வடித்துவிட்டு, டிரெய்ன் போல்ட்டைத் துடைத்து, விரலால் மெதுவாகத் திருக ஆரம்பித்தான். ஸ்பேனர் தட்டிலேயே கிடந்தது.